நவம்பருக்குள் ஒரு ஏலக்காய் மாலை

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 9, ஞாயிறு.

அன்பு மகன் முத்துக்கண்ணனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் முதுகுவலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை இந்த வாரத்தில் பத்துப் பதினைந்து தடவை செல்போனில் பார்த்துவிட்டேன், ஆனாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டும் அல்லவா, கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா அப்பு, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த பெர்லின் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுவாய். எனக்கு இருக்கிற குழப்பத்துக்கு எழுதிப் பார்த்தால்தான் எது முன்னே எது பின்னே என்று எனக்கே பிடிபடும். உன் தங்கை சிவரஞ்சனி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்றாள், அவளைச் சோற்றைப் பார்க்க அனுப்பிவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆவணியில் ஒரு நாள் நீயாகப் போன் செய்து, அம்மா எனக்கு ஒரு ஏலக்காய் மாலை வேணும், என் உயரத்துக்கு, நல்ல பச்சையா, நவம்பருக்குள்ள வந்து சேரணும், முடியுமா என்று கேட்டாய். இருபத்தாறு வருடமாக ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரித்துக் காய் பொறுக்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது. ஆனால் நான் எடுத்துக்கொண்டது வேறு விதமாக. நம் வீட்டில் ஏலக்காய் மாலை என்றால் அது மாப்பிள்ளைக்குத்தான். உன் அப்பா கழுத்தில் விழுந்ததும் அதுதான், உன் மாமன் கண்ணுச்சாமி கழுத்தில் விழுந்ததும் அதுதான். நவம்பர் என்றால் கார்த்திகை முகூர்த்தம். வைகாசியில்தான் தேவாரத்தில் இருக்கிற நம் வேலுத்தாய் மகள் அனுப்பிரியாவின் போட்டோவை உனக்கு அனுப்பியிருந்தேன், நீ பதிலே சொல்லவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிற பிள்ளை, வாயால் சொல்லக் கூச்சப்பட்டு மாலையைக் கேட்டுச் சம்மதத்தைத் தெரிவிக்கிறான் என்று நினைத்துவிட்டேன். எதற்குடா மாலை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாளே பஸ் ஏறித் தேவாரம் போய் வேலுத்தாயிடம் வார்த்தை கொடுத்துவிட்டேன், தீபாவளி கழித்துத் தட்டு மாற்றுவது, கார்த்திகையில் கல்யாணம் என்று. அப்புறம் நீ போன் செய்தபோதெல்லாம் எல்லாம் ஏற்பாடு நடக்குதுப்பா, நீ கவலப்படாதே என்றேன், நீயும் ரொம்பச் சந்தோசம்மா என்றாய். இரண்டு பேரும் அவரவர் நினைத்துக்கொண்டதற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

மாலையையும் கட்டிவிட்டேன். ஸ்டோர் முதலாளியிடம் கேட்டு எட்டு மில்லிமீட்டர் பருமன் காயாக, வாய் திறக்காத காயாக, ஒன்றுபோல் பச்சையாகப் பொறுக்கி எடுத்து, சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து கோத்தேன். முழங்கால் வரைக்கும் வரும், நடுவில் சரிகைக் குஞ்சம். ஸ்டோரில் பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

தீபாவளியன்று பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் முன்னறையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே கல்யாணச் சமையலுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் சிவரஞ்சனிக்குப் பொறுக்கவில்லை. என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், அம்மா, அண்ணே மாலை கேட்டது கல்யாணத்துக்கு இல்லம்மா, ஆடுறதுக்கு, இதப் பாரு என்று செல்போனை நீட்டினாள். ஜக்கம்மாள் காதில் விழக் கூடாது என்று சத்தத்தை அடைத்து வைத்திருந்தாள். ஒரு நீளமான கூடம், இரண்டு பக்கமும் கூட்டம், நடுவில் பாதை மாதிரி விட்டிருக்கிறது, பாதை முடிகிற இடத்தில் மேஜை போட்டு ஐந்து பேர். அந்தப் பாதையில் நீ வருகிறாய். பச்சைச் சட்டை, அது பாதிச் சட்டைதான், வயிறு தெரிகிறது. காலில் குதிகால் செருப்பு, கண்ணில் மை. கையை முகத்தைச் சுற்றிச் சுற்றி வீசுகிறாய், அந்தக் கை உன் கைதான், சின்ன வயதில் சோறு பிசைந்த கை, எனக்கு அடையாளம் தெரியாதா. அப்புறம் குத்தவைத்துக் குதித்துக் குதித்து நடந்தாய். நாலாம் வகுப்பில் வாத்தியார் உன்னை வாத்து நடை நடக்க விட்டார் என்று நான் பள்ளிக்கூடத்துக்கே சண்டைக்குப் போனேன், இப்போது நீயாக நடக்கிறாய், அதற்குக் கைதட்டுகிறார்கள். பிறகு சுற்றினாய், சுற்றி அப்படியே ஒரு காலை மடக்கி மல்லாக்க விழுந்தாய். நான் கத்திவிட்டேன். உனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஜக்கம்மாள் ஓடி வந்து என்ன மதினி என்றாள், எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொன்னேன், அடுப்பில் எண்ணெயே இல்லை.

விழுந்தால் அங்கே பரிசாம். மேஜையில் இருக்கிற ஐந்து பேரும் பத்து என்று எழுதின அட்டையைத் தூக்குகிறார்கள். இதைச் சிவரஞ்சனி நாலு தடவை சொன்னாள், எனக்கு ஒரு தடவைகூட ஏறவில்லை. விழுவதற்கு எதற்கடி பத்து, எழுந்திருப்பதற்கு அல்லவா கொடுக்க வேண்டும் என்றேன். அதோடு கூடவே அவள் இன்னொன்றும் சொன்னாள், உனக்குப் பெண்கள்மேல் மனசு போகாது, ஆண்கள்மேல்தான் போகும் என்று, அந்தக் கூடத்தில் வந்திருப்பவர்களும் பெரும்பாலும் வீட்டில் சொல்ல முடியாதவர்கள், சொல்லி வெளியே தள்ளப்பட்டவர்கள் என்று. அண்ணன் உன்கிட்ட ரெண்டு வருசத்துக்கு முந்தியே சொல்ல வந்துச்சாம், நீ டவர் இல்லன்னு கட் பண்ணிட்டியாமே என்றாள். டவர் இருந்தது அப்பு. நீ அம்மா நான் ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்த குரலே எனக்குப் பயமாக இருந்தது, அதனால் அப்படிச் சொன்னேன். அதை இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு நீ எப்படி என்னோடு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினாய். அதை நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இரண்டு நாள் எனக்கு ஒரே யோசனை. மாலையை அனுப்புவதா வேண்டாமா. அனுப்புவதென்றால் தேவாரத்துக்குப் போய்க் கொடுத்த வார்த்தையை முறிக்க வேண்டும், உறவுக்குள் தலை காட்ட முடியாது. அனுப்பாவிட்டால் நீ இனிமேல் என்னிடம் எதையும் கேட்க மாட்டாய், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஸ்டோரில் ஒரு காய் எந்தக் குவியலுக்குப் போகும் என்று பிடிபடாவிட்டால் மேஜை ஓரத்தில் தனியாக வைத்துவிட்டுச் சாப்பிட்ட பிறகு பார்ப்போம். நானும் உன் விஷயத்தை ஓரத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன், எந்தக் குவியல் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் கையிலிருந்து கீழே போடவும் மனசு வரவில்லை.

வியாழக்கிழமை தேவாரம் போனேன். முதல் நாள் ராத்திரிதான் யானை இறங்கி வேலுத்தாய் மக்காச்சோளத்தை மிதித்திருக்கிறது, அவள் கொல்லையில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள், அந்த நேரம் பார்த்து நான். அவனுக்கு அங்க வேற பொண்ணு இருக்கா மதினி என்றாள். இல்லை என்றேன். அப்ப என்னதான் கொற எம் பொண்ணுக்கிட்ட என்றாள். அவன் கல்யாணத்துக்கு மாலை கேக்கல மதினி, ஆடுறதுக்குக் கேட்டான், நாந்தான் அறிவுகெட்டுப் போயி வார்த்தையக் குடுத்துட்டேன், எம்மேல கோவிச்சுக்க, அவனை ஒண்ணும் சொல்லாத என்றேன். யானையே தேவல என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள்மேல் தப்பில்லை.

பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பிள்ளை அனுப்பிரியா தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தாள். அழப்போகிறாள் என்று நான் அழத் தயாராக நின்றேன். அவளோ, அத்தே, அவுங்க ஆடுறத நான் மூணு மாசமாச் செல்லுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், இவுங்க எப்படி எனக்குச் சம்மதிச்சாங்கன்னு எனக்கே ஒண்ணும் வெளங்கல என்றாள். பெற்றவளுக்குத் தெரியாதது பேசி வைத்த பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவள்தான் எனக்குப் பொறுமையாகச் சொன்னாள், அங்கே ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு வீடு என்கிறார்கள், வீட்டுக்கு ஒரு அம்மா உண்டு, பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது அவர்தான், வருகிற நவம்பரில் சொந்த ஊரிலிருந்து வந்த ஒன்றை அணிந்துகொண்டு ஆட வேண்டும் என்பதுதான் போட்டி என்று. அந்த அம்மாவையும் வீடியோவில் காட்டினாள். உயரமாக, மொட்டைத் தலையோடு, நீ விழுந்து எழுந்ததும் ஓடி வந்து துண்டால் உன் முகத்தைத் துடைக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. நான் உயிரோடு இருக்கும்போது உனக்கு எதற்கு இன்னொரு அம்மா. ஆனால் அந்த இடத்தில் துடைக்க நான் இல்லையே.

பிறகு அனுப்பிரியா, அத்தே சத்தத்தோட கேட்டீங்களா என்று கேட்டு, நல்ல சத்தமாக வைத்துச் செல்போனை என் காதருகில் பிடித்தாள். இடி மாதிரி மேளம், நாலு அடிக்கு ஒரு தடவை தட்டு உடைகிற மாதிரி ஒரு சத்தம், அந்தச் சத்தம் வருகிற நேரம் பார்த்துத்தான் நீ விழுகிறாய். அது மட்டும் எனக்குப் புரிந்தது, தாளம் தப்பாமல் விழுகிறாய். மைக் பிடித்தவர் மூச்சு விடாமல் கூவுகிறார். என்ன பேர் சொல்றாங்கன்னு கேளுங்க என்றாள். கேட்டேன். சுருளி, சுருளி, சுருளி என்கிறார். கூடமே சேர்ந்து கத்துகிறது. அங்கே ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வார்களாமே, நீ என் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறாய். ஐம்பத்து மூன்று வயதில் சுருளியம்மாள் என்ற பெயரை ரேஷன் கடையிலும் ஸ்டோர் நோட்டிலும்தான் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன், உன் அப்பா ஏய் என்பதோடு சரி. அத்தனை பேர் என் பெயரைக் கத்துகிறார்கள், நான் தேவாரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு மஞ்சள் பையோடு நிற்கிறேன். பஸ் வந்தது, போனது, ஏறவில்லை.

அப்பாவிடம் நானே சொன்னேன். அன்று போடிமெட்டு ரோட்டில் கல் விழுந்து ஜீப் பாதியில் நின்று, தோட்டத்து ஆட்களை நடத்திக் கூட்டிவந்த அலுப்பில் இருந்தார். வீடியோவை ஒரு தடவை முழுதும் பார்த்தார். கோபமா வருத்தமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அன்று சாப்பிடவுமில்லை. விடிந்ததும், இப்படி மல்லாக்க விழுறானே, முதுகுல அடிபடாதா என்று கேட்டார். அவ்வளவுதான். உன்னோடு பேசுவாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அதை நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தான் தேய்த்துக்கொள்ளும் தைல பாட்டிலை மாலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். எண்ணெய்ச் சாமான் போகாது என்று கூரியர் கடை அருள்பாண்டி அதை எடுத்துவிட்டான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மாலையை அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறேன். கல்யாண மாலை நின்ற இடத்தில் நிற்கிறவனுக்கு, உனக்கு அது ஆகாது. முழங்கால் வரை இருந்தால் குத்தவைக்கும்போது குதிகால் செருப்பில் மாட்டும் என்று இடுப்புக்கு மேலே நிற்கிற மாதிரிக் குறைத்துவிட்டேன். பருத்தி நூலை எடுத்துவிட்டு நைலான் நூலில் கோத்து, பத்துக் காய்க்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறேன், அறுந்தாலும் பத்துதான் கொட்டும், மற்றது கழுத்தில் நிற்கும். பச்சை வெளுக்காமலிருக்க ஆடுகிற நாள் வரை பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் வைக்காதே. விழும்போது ஒரு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டு விழு, தலை தரையில் படாமல் பார்த்துக்கொள். சிறிய பொட்டலம் அந்த அம்மாவுக்கு, டீயில் இரண்டு தட்டிப் போடச் சொல், என் மகன் முகத்தைத் துடைத்ததற்கு நான் கொடுத்தேன் என்று சொல். எனக்குக் கேட்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. நீ பெண்ணாக மாறப்போகிறாயா, அல்லது ஆடும்போது மட்டும்தான் அப்படியா, உனக்கென்று யாராவது இருக்கிறாரா, அவர் நல்ல பிள்ளையா, சமைப்பாரா. தப்பாகக் கேட்டிருந்தால் சிவரஞ்சனியிடம் சொல், அவள் என்னைத் திட்டிக்கொள்வாள். நீ எதுவாக இருந்தாலும் என் பிள்ளை, அதில் எனக்குக் குழப்பம் இல்லை, மற்ற எல்லாவற்றிலும் குழப்பம்.

நம் குலசாமி உன்னை விழுந்த இடத்திலெல்லாம் தாங்கிப் பிடிக்கட்டும். ஆயுசும் ஆரோக்கியமுமாக இரு. மாலை வந்து சேர்ந்ததும் மறக்காமல் போன் செய், என்ன சொல்ல வந்தாயோ அதை முதலிலிருந்து சொல், டவர் இருக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரைத்தான் எழுத வேண்டும் என்று அருள்பாண்டி சொன்னதால் வெளிப்பெட்டியில் முத்துக்கண்ணன் என்று இருக்கும். உள்ளே மாலை இருக்கிற பெட்டிமேல் சுருளிக்கு என்று நானே எழுதினேன். என் பெயரை நான் இன்னொருவருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
மொ. சுருளியம்மாள்