சாயங்கால மூளை

மார்ச் 3, திங்கள்

பதினொன்றேகால் மணிக்குக் கடிதம் வந்தது. நான் அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வரும் பதினேழாம் தேதி முதல் எல்லோரும் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டுமாம். படித்துச் சொன்னது அவள். ஏனென்றால் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தது அவள்.

இதை எங்கேயாவது எழுதி வைத்தால்தான் எனக்கு மூச்சு வரும். மூன்று வருடமாக என் வேலையைச் செய்வது என் மனைவி. நான் இல்லை.

எப்படி ஆரம்பித்தது? எனக்கு டைபாய்டு வந்தது. விடுப்பு கேட்கப் பயம். அந்த மாதம்தான் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "என்ன வேலைன்னு காட்டுங்க, நான் பாக்கறேன்" என்றாள். மகள் பிறக்கும்வரை ஏழு வருடம் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தவள். எங்கள் கம்பெனி லிஃப்டுகளுக்கு உதிரிபாகம் அனுப்புகிறது. எந்தக் கிடங்கில் எந்தப் பாகம் எப்போது தீரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் என் வேலை. பத்தே நாளில் அவள் என்னைவிட நன்றாகச் சொன்னாள். காய்ச்சல் போய்விட்டது. வேலை என்னிடம் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

கூட்டங்களுக்கு மட்டும் முகமும் குரலும் என்னுடையவை. அவள் கேமராவுக்குத் தெரியாமல் எதிரே உட்கார்ந்து மகளின் பழைய வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவாள். நான் படிப்பேன். "அப்பா நியூஸ் வாசிக்கறாரு, சத்தம் போடாதீங்க" என்பாள் மகள். பதினோரு வயது, வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் பெரிய மனுஷி.

போன வருடம் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்னும் பதினாலு நாள்.

மார்ச் 4, செவ்வாய்

தூக்கம் இல்லை. வெண்டைக்காய் நன்றாக இருந்தது என்று பெரிய மனுஷி சொன்னாள். அலுவலகத்தில் யாரும் வெண்டைக்காய் நறுக்கச் சொல்லப்போவதில்லை.

மார்ச் 8, சனி

காலையிலிருந்து அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். திரையில் எண்கள் எறும்பு மாதிரி ஓடின. எல்லாம் மாறிவிட்டிருக்கிறது. அவளே பத்திகள் சேர்த்திருக்கிறாள், அவளே சூத்திரம் போட்டிருக்கிறாள்.

"இத்தனை வருஷம் நீங்க என்னதான் பண்ணீங்க?" என்றாள் ஒரு கட்டத்தில்.

"சமைச்சேன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தாறு வயதில் மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

போனேன். அடையாள அட்டையில் இருக்கிற ஆளுக்கு முடி நிறைய. வாசல் காவலர் அட்டையையும் என்னையும் இரண்டு முறை பார்த்தார். பார்க்கட்டும், எனக்கே அவன் யாரென்று தெரியவில்லை.

என் மேலதிகாரிக்கு நான் வைத்த பெயர் அவசரம். எந்த மின்னஞ்சலாக இருந்தாலும் முதல் சொல் அதுதான். என்னைவிட எட்டு வயது இளையவர். அவரும் என்னை சார் என்பார், நானும் அவரை சார் என்பேன். பதினொரு மணிக்கு என் மேசைக்கே வந்து நின்றார். "சார், வடக்குக் கிடங்குல பிரேக் பட்டை எத்தனை நாள் தாங்கும்? பாத்துச் சொல்லுங்களேன்."

பக்கத்திலேயே நிற்கிறார். "சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன் சார்" என்றேன். நல்லவேளை, யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன் லேப்டாப்பை அவளிடம் கொடுத்தேன். எட்டு மணிக்குள் முடித்தாள். எட்டு பத்துக்கு அவசரத்தின் பாராட்டு வந்தது.

தப்பித்தேன். இன்றைக்கு.

மார்ச் 19, புதன்

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் நின்று அவளுக்கு மூன்று முறை போன் செய்தேன். துடைப்பத்தோடு வந்த துப்புரவு அக்கா, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாயில் பொய் தானாக வருகிறது.

மார்ச் 25, செவ்வாய்

அவசரம் போன வியாழக்கிழமை ஒரு கண்டுபிடிப்பு செய்துவிட்டார். "சார், உங்களுக்குச் சாயங்காலந்தான் மூளை வேலை செய்யுது. நான் கவனிச்சுட்டேன். தப்பில்ல, நானும் அப்படித்தான்."

அதிலிருந்து பகலில் என்னை ஒன்றும் கேட்பதில்லை. எல்லாம் ஆறரைக்கு மேல் வருகிறது. ஆறரைக்கு ஒன்று, ஏழே காலுக்கு ஒன்று, சாப்பிடும்போது ஒன்று. பகல் முழுக்க நான் நாற்காலியைச் சூடாக்குகிறேன். மாலையில் அவள் ஒரு கையில் தோசைக்கரண்டியும் ஒரு கையில் லேப்டாப்புமாக நிற்கிறாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால், எதை என்று கேட்கிறாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினம். பொருத்தம்தான்.

காலைக் கூட்டத்தில் அவசரம் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை வைத்தார். "சார் தினமும் ஒம்பது மணிக்குள்ள பதில் போட்டுடறாரு. வயசுல மூத்தவர். உங்களுக்கெல்லாம் என்ன கேடு?" இனி எல்லோரும் ஒன்பது மணிவரை பதில் போட வேண்டுமாம். பன்னிரண்டு ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. பூமி பிளந்திருந்தால் இறங்கிப் போயிருப்பேன்.

மதியம் எதிர் மேசைக்காரி தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னை மறித்தாள். அவளுக்குப் பதினாலு மாதக் குழந்தை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் லேட்டா பதில் போடுங்க. இல்லாட்டி மறுநாள் போடுங்க. நேத்தே ஒரு பதில் போட்டு முடிக்கறதுக்குள்ள என் குழந்தை என் சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதே தூங்கிடுச்சு."

தலையாட்டினேன்.

"உங்களுக்குப் பரவாயில்ல. வீட்ல எல்லாத்தையும் அண்ணி பாத்துக்கறாங்க போல."

"ஆமாம்மா. எல்லாத்தையும் அவதான் பாத்துக்கறா" என்றேன். அந்தக் கட்டடத்துக்குள் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

ஏப்ரல் 4, வெள்ளி

அலுவலக ஜெனரேட்டர் பழுதாகி மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

அவள் சாப்பாட்டு மேசையில், லேப்டாப் எப்போதும் இருந்த இடத்தில், ஒரு நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடினாள். நான் வாங்கிப் பார்த்தேன். குளியல் சோப்பு: பத்தொன்பது நாள், பதினேழாம் தேதிக்குப் பிறகு இருபத்திரண்டு. பற்பசை: முப்பத்தொரு நாள், பரீட்சை வாரத்தில் செலவு குறைவு (பெரிய மனுஷி இரவில் தேய்ப்பதில்லை). எண்ணெய், தீப்பெட்டி, துணி சோப்பு, பேனா மை. வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றும் எப்போது தீரும், ஏன் கூடியது, ஏன் குறைந்தது. பதினாறு பக்கம்.

"என்ன இது?"

"பொழுது போகல" என்றாள். நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "பகல்ல எனக்கு வேலை இல்லைல்ல" என்றாள்.

நான் மாட்டிக்கொள்வேனா என்று மட்டும்தானே இத்தனை நாளும் பயந்தேன். இவளிடமிருந்து என்ன போனது என்று ஒரு நாளாவது நினைத்தேனா? இல்லை. சத்தியமா இல்ல.

ஏப்ரல் 8, செவ்வாய்

தலையில் இடி. பதினேழாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மேடம் வருகிறார். எப்படிக் கணிக்கிறேன் என்று நான் எல்லோருக்கும் விளக்க வேண்டும். பலகையில். நின்றுகொண்டு. அவர்கள் அங்கேயே கேள்வி கேட்பார்கள்.

"உங்க பேரைத்தான் சொல்லிருக்கேன் சார்" என்றார் அவசரம், மாலை போடாத குறையாக.

ஏப்ரல் 10, வியாழன்

ஏழு மணிக்குப் பாடம். நடுநடுவே அவசரத்தின் செய்திகள். ஒரே விஷயத்தை நாலாவது தடவை கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பகல் முழுக்க நான் யாருமில்ல. ஏழு மணிக்கு மேல நான் உங்க மூளை. அப்படித்தானே?"

லேப்டாப்பை மூடினேன்.

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குங்க. வேணாங்கல. ஆனா பகல்ல வேணும். என் பேர்ல வேணும்."

பெரிய மனுஷி அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஏப்ரல் 16, புதன்

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? எத்தனை நாளைக்கு? உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் நன்றாகப் பேசிவிட்டால் — அதுவும் பயமாக இருக்கிறது. அப்புறம் எல்லார் தலையிலயும் ஒம்பது மணி. இவ தலையில ஆயுசுக்கும்.

ஏப்ரல் 17, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மனப்பாடம் செய்த இருபது நிமிடமும் நன்றாகவே போனது. அவசரம் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். பெரிய மேடம் நரைமுடி, மெதுவாகப் பேசுகிறவர். "ஒரு சின்ன சந்தேகம். வடக்குக் கிடங்குக்கு மட்டும் கதவு உருளை ரெண்டு மடங்கு வேணும்னு போன வருஷமே சொல்லிருக்கீங்க. சரியாவும் இருந்துச்சு. எப்படித் தெரிஞ்சது?"

எனக்குத் தெரியாது. எதிரே பார்த்தேன். பலகை பிடித்துக்கொண்டு அங்கே யாரும் இல்லை. எதிர் மேசைக்காரி சுவரில் சாய்ந்து கண் சொருகிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க மேடம்" என்றேன். "அதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. என் மனைவி. மூணு வருஷமா எல்லாமே அவங்கதான். சாயங்காலம் பதில் போடறதும் அவங்கதான். என்னை வெச்சு மத்தவங்களைக் கேக்காதீங்க."

யாரோ சிரித்து, பிறகு நிறுத்தினார்கள். அவசரத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். தட்டிக்கொடுப்பாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. என் வேலையையும் சேத்துத்தானே விட்டுட்டு வந்திருக்கீங்க."

நியாயம்தான். மூன்று வருடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்காமல் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

உருளை விஷயம் மட்டும் மாலையில் தானாகச் சொன்னாள். அந்தப் பக்கம் கல்குவாரி. தூசி கதவு ஓடும் பள்ளத்தில் படிந்து உருளை சீக்கிரம் தேய்கிறது. மெக்கானிக்குகள் பட்டியலின் கடைசிப் பத்தியில் குறிப்பு எழுதுவார்களாம். "அதை யாருமே படிக்கறதில்ல" என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

எதிர் மேசைக்காரியிடமிருந்து செய்தி. "அண்ணா, அந்த ஒம்பது மணிப் பேச்சையே இப்ப யாரும் எடுக்கறதில்ல. நேத்து குழந்தைய நானே தூங்க வெச்சேன்."

ஏப்ரல் 29, செவ்வாய்

கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் தகவலை வெளியாளுக்குக் காட்டியது குற்றம். மூன்று வருடமாக நஷ்டம் எதுவும் இல்லாததால் வேலையை விட்டு நீக்கவில்லை. பதவி இரண்டு படி கீழே. இனி தரைத்தளத்தில் அனுப்பும் பிரிவு: பட்டியலைப் பார்த்துப் பெட்டியைச் சரிபார்க்க வேண்டும். அவளை வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் கேட்கிற கேள்வியா என்பது போல் பார்த்தார்கள்.

மே 12, திங்கள்

அவள் நேர்காணலுக்குப் போய் வந்தாள். ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கு. "கடைசி பதினோரு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க." மூன்று வருடத்துக்கு அவளிடம் ஒரு சான்றும் கிடையாது. எல்லாம் என் பெயரில்.

"என்ன சொன்ன?"

"சோப்பு நோட்டைக் காட்டினேன்."

மே 20, செவ்வாய்

எடுத்துக்கொண்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு. கடிதத்தில் அவள் பெயரைப் பெரிய மனுஷி சத்தமாக இரண்டு தடவை படித்தாள்.

ஜூன் 16, திங்கள்

நான் முதலில் வந்துவிடுவதால் சமையல் என்னிடமே இருக்கிறது. இன்று திரும்பி வந்த பெட்டிகளோடு இருந்த குறிப்புகளைப் படித்தேன். ஒரு மெக்கானிக் எழுதியிருந்தார்: 'மூன்றாம் தடவை அனுப்பியும் அளவு பெரிது.' பார்த்தேன், பெரிதுதான். மாற்றி எழுதி அனுப்பினேன். இதில் நாளைக்கு ஏதாவது தப்பு வந்தால் என்னைக் கேட்பார்கள், எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் போன் அடித்தால் இன்னும் திடுக்கென்றுதான் இருக்கிறது.

எட்டேகாலுக்கு அடித்தது. அவசரம். இரண்டு மாதத்துக்குப் பிறகு. கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பட்டியல்ல ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நிக்குது. வீட்ல இருக்காங்களா? ஒரே ஒரு சந்தேகம் கேட்டுக்கறேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் கால் நீட்டி உட்கார்ந்து மகளின் பாவாடைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மணி ஆறுக்கு மேல ஆயிடுச்சுன்னு சொல்லுங்க."

அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் அவரிடம் சொன்னேன். பழக்கம்தானே.

அறைக்குள்ளிருந்து பெரிய மனுஷியின் குரல் வந்தது: "அப்பா நியூஸ் வாசிக்கறாரு."