மூச்சு சொல்லிக் கொடுத்தவர்

பிப்ரவரி 9, ஞாயிறு

என் பெண்கள் கபடி அணிக்கு மனப்பயிற்சி கொடுக்க நேற்று சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். இரண்டு மணி நேரம் பேசினார். "பதட்டம் வந்தா அப்படியே நில்லுங்க. மெதுவா மூச்சை இழுத்து விடுங்க. எந்த விளையாட்டுக்கும் இது பொருந்தும்" என்றார்.

இன்று தாமலில் இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமம், கடைசி ரெய்டு. 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு போன தேவியை மூன்று பேர் வளைத்தார்கள். அவள் பாட்டை நிறுத்தினாள். கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். நடுவர் விசில் ஊதி அவர்களுக்குப் பாயிண்ட் கொடுத்துவிட்டார். பாடுகிறவள் நடுவில் மூச்சு வாங்கக் கூடாது என்பது எங்கள் முசரவாக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆட்டம் பார்க்க எங்களோடு வந்திருந்த அந்தச் சென்னை மேதைக்குத் தெரியவில்லை. இன்று காலை நாங்கள் போர்த்திய பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டே, "நல்லா ரிலாக்ஸ் ஆனாங்களே, அப்புறம் ஏன் சார் விசில்?" என்று என்னிடம் கேட்டார்.

திரும்பி வரும்போது வேனில் தேவி அழவில்லை. "நேத்து அவர் பேசும்போது நீங்களும்தான சார் பின்னாடி உக்காந்து தலையாட்டிக்கினு இருந்தீங்க" என்றாள்.

தலையாட்டியது மட்டுமா. இதே நோட்டில், முந்தின பக்கத்தில், என் கையெழுத்தில் இருக்கிறது: 'மூச்சுப் பயிற்சி அருமை. ரெய்டில் செய்யச் சொல்ல வேண்டும்.' அடியில் இரண்டு கோடு வேறு.