மூன்று பொட்டு வைத்த ஸ்பிரிங்

மாமா,

இன்று காலை அலுவலகத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் காவலாளி அக்கா பின்னாலேயே வந்தார். "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. உங்க கார் ஒரு பக்கத் தோளத் தூக்கிக்கிட்டு நிக்குதுலா. வலது பக்கம் பாருங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது தெரிந்த சங்கதிதான். சிரித்துவிட்டு மாடிப்படி ஏறிவிட்டேன். சொல்ல வேண்டிய பதில் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்த பிறகுதான் வாயில் வந்தது. அதை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் இருந்தபோது இந்தக் கார் நேர்மாறாகச் சாய்ந்தது. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வாசலில் நிறுத்தினீர்கள். "ரெண்டு கதவுதான் இருக்கு. அரிசி மூட்டைய எங்க வைக்கிறது?" என்றார் அத்தை. "கவிதா கல்யாணத்துல மாப்பிள்ளைய இதுலதான் கோயிலுக்குக் கூட்டிட்டு வருவேன்" என்றீர்கள். உங்கள் மகள் கல்யாணத்துக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது.

முன்பக்க ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன என்று பழைய சாமான் கடையில் வேறு இரண்டு தேடி எடுத்தீர்கள். கோலா சிலாங்கூர் பட்டறையில் குமார் அண்ணன் அவற்றை மாட்டிக் கொடுத்தார். மறுநாள் பார்த்தால் காரின் வலது முன்பக்கம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஓட்டுபவர் உட்காருவது வலது பக்கம். ஓட்டுபவர் நூற்றுப் பத்து கிலோ. ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "ஸ்பிரிங்கு நல்லாதான் இருக்கு மாமா. ஆள்தான் ஓவர்லோடு" என்றார் குமார் அண்ணன். கோலா குபு பாருவில் இருந்த உங்கள் சம்பந்தி வரைக்கும் செய்தி போய்விட்டது. "அதுல வந்தா என் மகன் தலப்பா கோணிக்கும் சம்பந்தி. நாங்க வேன் வச்சுக்கறோம்" என்று போனில் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். போனை வைத்த பிறகு வெகுநேரம் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

நான் குடும்பத்தின் முதல் பட்டதாரி. டிவி ஓடாவிட்டாலும் பூனை சாப்பிடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது உணவு அறிவியல் என்பதால் உங்களை இளைக்க வைக்கும் பொறுப்பை அத்தை என் தலையில் கட்டினார். எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் ஓட்ஸ். கிண்ணத்துக்கு மேல் என்னைப் பார்த்து, "பட்டதாரி, இது நாலு வருஷம் படிச்சு கண்டுபிடிச்ச கஞ்சியா?" என்று கேட்டீர்கள்.

ஆறு கிலோ இறங்கினீர்கள். கார் ஏறவில்லை.

ஒன்றை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே எனக்குச் சந்தேகம் இருந்தது. நீங்கள் இறங்கி வீட்டுக்குள் போன பிறகும் கார் சாய்ந்துதான் நின்றது. அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில், எதிரில் உட்கார்ந்து ஓட்ஸை வெறித்துக்கொண்டிருந்த உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "மாமா, நீங்க உள்ள இல்லாதப்பவும் சாயுது. காரணம் உங்க எடை இல்ல."

படித்தீர்கள். கரண்டியை வைத்தீர்கள். அடுப்படிப் பக்கம் திரும்பி, "மீனப் பொரி!" என்று கத்தினீர்கள்.

வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தரையையே சரித்துப் போட்டிருந்தார்கள். அங்கே அளந்தால் நம்ப முடியாது. அதனால் டயர்களில் காற்றைச் சமமாக்கிவிட்டு, ஊர் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டு பேட்மிண்டன் கோர்ட்டுக்குக் காரை ஓட்டிப் போனோம். அத்தையின் தையல் டேப்பால் சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலே இருக்கும் காரின் தகடு விளிம்பு வரை அளந்தேன். இடது முப்பத்தேழு சென்டிமீட்டர். வலது முப்பத்து நாலரை. காரைத் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்தாலும் அதே கணக்கு. தரை மேல் குற்றம் இல்லை. ராக்கெட்டோடு காத்திருந்த ஒருவர் பொறுமை இழந்து, "என்ன புள்ள, கார் லைனுக்கு உள்ளயா, வெளியவா?" என்றார்.

பட்டறையில் குமார் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று மற்றதைவிட ஒரு விரல் உயரம். உயரமானது இடது பக்கத்திலிருந்து வந்தது.

"இந்தக் காருக்கு டிரைவர் பக்கம்தான் உசரமானது வரணும்" என்று அவரே திகைத்தார். "ஆனா நான் மார்க்கு பாத்துதானே போட்டேன்! இந்தா, மூணு செவப்புப் புள்ளி இடது, ஒரு புள்ளி வலது. கம்பெனிக்காரன் வச்ச மார்க்கு!"

அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. பட்டமளிப்புக்கு நான் வாங்கிய நெயில் பாலிஷ். பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் சாமி படத்துக்கு முன்னால் வைப்பதற்காக ஸ்பிரிங்குகளை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தீர்கள். கம்பெனி மார்க்கு அதிலேயே போயிருக்கும். "குங்குமம் மழையில கரைஞ்சிடும்" என்று என் பாட்டிலைக் கேட்டு வாங்கினீர்கள். முதல் ஸ்பிரிங்குக்கு மூன்று பொட்டு வைத்ததும் பாட்டில் காய்ந்துவிட்டது. இரண்டாவதுக்கு ஒன்றுதான் கிடைத்தது.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் பட்டறைக் கூரையைப் பார்த்தீர்கள். அப்படி ஒரு கூரையை வாழ்க்கையில் கண்டதில்லை என்பதுபோல. நாலு பேர் நின்றிருந்தார்கள். நான்தான் வாய் திறந்தாக வேண்டும்.

"அண்ணே, அது கம்பெனி மார்க்கு இல்ல. மாமா வச்ச பொட்டு. என் நெயில் பாலிஷ்."

குமார் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கொலுசு ஒண்ணுதான் குறைச்சல் மாமா."

மாற்றிப் போட்டதும் கார் நேராக நின்றது. நீங்கள் ஏறி உட்கார்ந்தீர்கள். வலது பக்கம் ஒரு விரல் இறங்கியது. "சரி, கொஞ்சம் நானுந்தான்" என்றீர்கள். அதோடு விடாமல், வலது ஸ்பிரிங்குக்கு மேல் தடித்த ரப்பர் வளையம் ஒன்றை வைக்கச் சொன்னீர்கள். "என்னோட சேர்ந்துதான் அது நேரா நிக்கணும். நான் இல்லாம எப்ப ஓடப் போவுது?"

கல்யாணத்தன்று கார் நேராக வந்தது. "தலப்பா எப்படி இருக்கு சம்பந்தி?" என்று மூன்று முறை கேட்டீர்கள்.

போன வருடம் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். "நீதானே அத அளந்த" என்று அத்தை சாவியை என் கையில் வைத்தார். நான் நாற்பத்தைந்து கிலோ. நான் ஏறியது காருக்கே தெரிவதில்லை. உங்கள் பக்கம் தூக்கிக்கொண்டே நிற்கிறது.

போன மாதம் குமார் அண்ணன் சொன்னார்: "அந்த ரப்பர எடுத்துட்டா நேரா நின்னுடும்மா. அரை மணி நேர வேல." அன்றைக்கு மட்டும் எனக்குப் பதில் உடனே வந்தது. "வேணாண்ணே."

அத்தை காதுக்கு அது போய்விட்டது. உங்களுக்கு ஓட்ஸ் அளந்து போட்டவர், இப்போது ஞாயிறுதோறும் என் தட்டில் மூன்றாவது முறை சோறு போடுகிறார். "சாப்புடு. அந்தப் பக்கம் இறங்கட்டும்." சாப்பிட்டு முடித்ததும் பேட்மிண்டன் கோர்ட்டுக்குப் போகிறோம். நான் காரில் ஏறி உட்காருகிறேன். அத்தை தையல் டேப்போடு சக்கரத்துப் பக்கம் குனிகிறார்.

"இன்னும் முக்கா விரல் இருக்கு!" என்று கத்துகிறார். வீடு திரும்பியதும் மறுபடி மீன் பொரிக்கிறார்.