வலப்பக்கம் தொடங்கும் பட்டியல்

அப்பா,

இன்று பள்ளியில் அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள்களை சைக்ளோஸ்டைல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வருகைப் பதிவேட்டை வைக்க ஆபீஸ் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அந்த வாசனை. ஸ்டென்சிலில் தப்பு விழுந்தால் தடவுகிற சிவப்புத் திரவம், நகப்பூச்சும் ஸ்பிரிட்டும் கலந்ததுபோல மூக்கில் ஏறுமே, அதேதான். உங்கள் வெள்ளைச் சட்டையின் கையில் எப்போதும் அதில் ஒரு பொட்டு இருக்கும். அம்மா எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. "என்னம்மா, அப்படியே நிக்கிற?" என்றார் கிளார்க். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் ஷார்ஜாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மாமா தொழில்பேட்டையில் ஒரு லாரி கராஜில் ஸ்டோர் கீப்பர். அவருடைய பிளாட்டில் எங்களுக்கு ஓர் அறை. அம்மா என் பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கிறாள். தினமும் தொண்டை கட்டித்தான் வீடு திரும்புகிறாள். இங்கே யாராவது, உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், யுனிவர்சிட்டியில் என்பேன். "புரொபசரா?" என்று கண்ணை விரிப்பார்கள். டைப்பிஸ்ட் என்பேன். விரிந்த கண் பழையபடி ஆகிவிடும். அப்போதெல்லாம் அவர்களைப் பிடித்து உட்கார வைத்து, அந்தக் கிணற்றுப் பட்டியலின் கதையைச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

இங்கே வருவதற்கு முன், இன்னொரு அரபு நாட்டில் நாம் இருந்தது சின்ன ஊர். பேரீச்சைத் தோட்டங்கள், அவற்றைச் சுற்றி மண் சுவர், அதைத் தாண்டினால் மணல். அந்த மணலில்தான் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியிருந்தார்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது கட்டடம்கூட முடியவில்லை. உங்கள் அறையில் பாதி இடத்தை, பிரிக்காத பெட்டிகளில் கண்ணாடிக் குடுவைகள் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே உங்கள் மேசை, டைப்ரைட்டர், நின்று நின்று ஓடும் ஏசி.

பட்டியல்கள் அடிக்கிற நாட்களில், எண்கள் எழுதிய அரபி நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். அரபி எண்களை நீங்கள் கார் நம்பர் பலகைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டவர். எனக்குப் பள்ளியில் பாடமே இருந்தது. நான் நோட்டைப் பார்த்து வாசிப்பேன், நீங்கள் அடித்ததோடு ஒப்பிட்டு டிக் போடுவீர்கள். "ஏழு புள்ளி நாலு. எட்டு புள்ளி ஒண்ணு." அந்த நாட்டுக் கிணறுகளின் உப்பை நாம் தமிழில் ஓதிக்கொண்டிருப்போம். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: "அப்பனும் மவளும் ரேசன் கடையில நிக்க மாதிரில்லா இருக்கு!"

அந்தக் கிணறுகளை ஆராய்ந்தவர் சூடான் நாட்டு டாக்டர். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். அவரிடம் படித்த உள்ளூர்ப் பையன்கள் தங்கள் தோட்டத்துக் கிணறுகளிலேயே தண்ணீர் எடுத்து, உப்பை அளந்து, கள நோட்டில் அரபியில் எழுதினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நான்கு முறை அளந்திருந்தார்கள். அதற்கு முன்பு அந்த ஊரின் தண்ணீரைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் ஐரோப்பாவிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தடித்த அறிக்கையாக அனுப்பிவைப்பார்களாம்.

"இங்க சிமெண்டு கப்பல்ல வருது, வெங்காயம் கப்பல்ல வருது, நானும் நீயும் பிளேன்ல வந்தோம்" என்பீர்கள். "இந்த நம்பரு மட்டுந்தாம் பிள்ள இங்கயே விளையுது."

அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நீங்களே விதைத்தது போல இருக்கும்.

அந்த நான்கு அளவுகளையும் ஒரே பட்டியலாக அடிக்கும் வேலை உங்களுக்கு வந்தபோது டாக்டர் லீவில் தன் ஊரான கார்ட்டூமுக்குப் போயிருந்தார். அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. கிணறுகளின் பெயரையும், முதல் அளவு, இரண்டாம் அளவு என்ற தலைப்புகளையும் ஆங்கிலத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். நீங்கள் பெயர்களை இடப்பக்கம் அடித்தீர்கள். பிறகு நோட்டில் இருந்த எண்களை இடமிருந்து வலமாக, இருந்தபடியே எடுத்து அடித்தீர்கள். நான் அதே வரிசையில் வாசித்தேன். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பிரதிகள் எடுத்து, கிணறுகளைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்காரர்களுக்கு அனுப்பியாயிற்று.

இரண்டு நாளில் ஊரெல்லாம் நல்ல செய்தி பரவிவிட்டது. கிணறுகளில் உப்பு குறைந்துகொண்டே வருகிறதாம், பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை கூட்டம். தோட்டங்களில் இன்னும் ஆழமான புதுக் கிணறுகள் வெட்ட அன்று அனுமதி கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. நீங்கள் ஒரு கிலோ அல்வா வாங்கி வந்தீர்கள்.

திங்கட்கிழமை எனக்கு அரபி வகுப்பு. வாரத்தின் நாட்களையும் பாட வேளைகளையும் ஒரு கட்டமாகப் போடச் சொன்னார் டீச்சர். நான் வழக்கம்போல இடது ஓரத்தில் முதல் வேளையை எழுதினேன். டீச்சர் சிரித்துக்கொண்டே என் நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "இவள் வீட்டில் காலையில் படுத்து ராத்திரியில் எழுவார்கள் போல!" வகுப்பே சிரித்தது. பட்டியலும் வலப்பக்கம்தான் தொடங்க வேண்டும் என்றார். நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அப்போதுதான் கிணற்றுப் பட்டியல் ஞாபகம் வந்தது. எண்ணை மட்டும் அரபியிலும் இடமிருந்துதான் படிக்கிறோம். அதனால்தான் வரிசையையும் இடமிருந்தே படித்துவிட்டோம். நாம் முதல் அளவு என்று போட்டது நான்காவது அளவு. கிணறுகளில் உப்பு குறையவில்லை. ஏறிக்கொண்டிருக்கிறது.

பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வீடுவரை ஓடினேன். நோட்டு இன்னும் வீட்டில்தான் இருந்தது. தலைப்புகளை ஒவ்வொன்றாக உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள்.

"எனக்கு அரபி தெரியும்பா. நான்தான் வாசிச்சேன். தலைப்பப் பாக்கவே இல்ல" என்று அழுதுவிட்டேன்.

"வாசிச்சது நீ, டிக் அடிச்சது நான். பாதிப் பாதி" என்றீர்கள். "இப்ப அழாத. மேல சொல்லு, இது எந்தக் கெணறு?"

அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் கரண்டியோடு வந்து நின்றாள். "ஏங்க, காலைல போயி இதச் சொல்லப் போறீயளா? விசா புதுப்பிக்கிற மாசம் இது. வேல போச்சுன்னா ஒரு மாசத்துல மூணு பேரும் பொட்டியக் கட்டணும். இவ படிப்பு என்னாவும்?"

"சொல்லாம?"

"டாக்டர் வந்து பாத்துக்கிடட்டும்."

"அவரு வாரதுக்குள்ள கெணறு வெட்ட ஆரம்பிச்சிருவாவ. இன்னும் தண்ணி இழுத்தா இன்னும் உப்பு ஏறும்."

"வெட்டுனா வெட்டட்டும். நம்ம ஊருக் கெணறா அது?"

"கெணறு நம்ம ஊரு இல்ல" என்றீர்கள். "தாளு நாம அடிச்சதுல்லா."

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். ஆனால் மறுநாள் காலை உங்கள் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நான் பள்ளிக்கு மட்டம். தலைப்புகளை வாசிக்க ஆள் வேண்டுமே என்று என்னையும் கூட்டிப் போனீர்கள்.

துறைத் தலைவரின் அறைக்குப் போனோம். நீங்கள் நின்றபடியே சொன்னீர்கள்: "சார், தப்பு என்னுடையது. தண்ணீர் இனிக்கவில்லை." ஆங்கிலத்தில் பேசும்போது உங்களுக்கு வாக்கியத்துக்கு இரண்டு ப்ளீஸ் வரும். அன்று ஒன்றுகூட வரவில்லை. அவர் முகம் சிவந்தது. இந்தப் பல்கலைக்கழகம் வெளியே அனுப்பிய முதல் பட்டியல் இது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் கூட்டம், இப்போது திரும்ப வாங்கினால் நம்மை யார் மதிப்பார்கள் என்று கத்தினார். எண்களைப் பற்றிப் பேச டைப்பிஸ்டுக்கு என்ன தகுதி என்றும் கேட்டார். நீங்கள் கள நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தீர்கள்.

அவர் டாக்டரின் மாணவர்களில் ஒருவரை வரச் சொன்னார். சாலிம் வந்தார். மீசை அரும்பிய, சிரித்த முகம். அவர் செய்தியைத்தான் கேட்டிருந்தார், தாளைப் பார்த்திருக்கவில்லை. நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலை வலது ஓரத்தில் வைத்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். சிரிப்பு போய்விட்டது. பட்டியலில் மூன்றாவது கிணறு அவர்கள் தோட்டத்துடையது.

"என் அம்மா ஒரு வருடமாகச் சொல்கிறாள், டீ கரிக்கிறது என்று" என்றார். "நேற்று ராத்திரி நான் அவளைக் கேலி செய்தேன். பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது, உன் நாக்குதான் கெட்டுப்போய்விட்டது என்று. அவளும் நம்பிவிட்டாள்."

துறைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே, "கலாஸ், போதும். போய் மறுபடியும் அடி" என்றார்.

நீங்கள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே புது ஸ்டென்சிலை மாட்டினீர்கள். சாலிம் நோட்டை வாசித்தார், இந்த முறை வலமிருந்து. நான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். கூட்டம் தொடங்கும்போது புதுத் தாள் எல்லோர் முன்னாலும் இருந்தது. அனுமதி கொடுக்கவில்லை.

எதிர்காலத்தில் எண்ணெய் தீர்ந்தாலும் அறிவுதான் இந்த நாடுகளுக்குச் செல்வமாக இருக்கும் என்று இப்போது இங்கே டெலிவிஷனில் பேசுகிறார்கள். பள்ளியில் அதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதச் சொல்கிறார்கள். என் தோழிகள் பெரிய கட்டடங்களையும் நூலகங்களையும் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு சாலிமின் அம்மாவைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. தன் வாயில் கரிக்கும் உப்பைவிட ஒரு தாளை நம்பிய பெண். அப்படி நம்புகிறவர்கள் இருக்கும்போது, அந்தத் தாளைக் கொடுக்கிற இடம் எத்தனை கவனமாக இருக்கவேண்டும்! அங்கே குடுவை கழுவுகிறவர்முதல் துறைத் தலைவர்வரை எல்லோரும். நான் அந்தக் கட்டுரையில் இதைத்தான் எழுதினேன். உங்கள் பெயரைப் போடவில்லை, நீங்கள் கூச்சப்படுவீர்கள் என்று.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அம்மா டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தே வைத்துவிட்டாள். ஒரு மதியம் நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க முடிவாகியிருந்தது. அந்தத் துறைக்கு ஆங்கில டைப்பிஸ்ட் நீங்கள் ஒருவர்தான். அதனால் அதையும் உங்களையே அடிக்கச் சொல்லிவிட்டார்களாம். "பாத்தியா, ஒரு பிழை இல்ல" என்று கார்பன் பிரதியை அம்மாவிடம் நீட்டினீர்கள். அம்மா முதலில் முறைத்தாள். அப்புறம் அவளுக்கும் அடக்க முடியவில்லை. விசாவை இரண்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். கார்ட்டூமிலிருந்து திரும்பிய டாக்டர் உங்கள் மேசைக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார் என்று மட்டும் சொன்னீர்கள். வேறு என்ன சொன்னார் என்று நான் எத்தனை கேட்டும் சொல்லவில்லை.

அந்த ஒரு வருடம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

போன மாதம் சாலிம் ஷார்ஜாவுக்கு வந்திருந்தார். வெளிநாட்டுக்கு மேல்படிப்புக்குப் போகிறாராம், திரும்பி வந்து அங்கேயே தண்ணீர் ஆராய்ச்சி செய்யப்போகிறாராம். அம்மாவிடம் துக்கம் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதே கிணறுகள், இப்போது ஆறு அளவுகள். உப்பு இன்னும் ஏறுகிறது, ஆனால் மெதுவாக. பட்டியலுக்கு மேலே சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது, எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று காட்ட. அன்று மறுபடி அடித்த ஸ்டென்சிலில் நீங்கள்தான் முதலில் அதைக் கையால் கீறினீர்களாம். கூடவே நின்றும் நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் துறையில் அம்பு இல்லாமல் எந்தப் பட்டியலும் வெளியே போவதில்லையாம். "புதிதாக வரும் மாணவனுக்கு முதலில் அதைத்தான் சொல்கிறோம்" என்றார்.

அம்மா அந்தத் தாளை வாங்கி, புரியாவிட்டாலும், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் இப்போது என் ரசாயன ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பட்டியலுக்கு மேலும் அம்பு போடுகிறேன். "இது புத்தகத்துல இல்லையே, எடுத்துடு" என்றார் மிஸ். காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் தேவையில்லாத குறி என்று ஒரு மார்க் குறைத்துவிட்டார்.

போகட்டும் அப்பா. அடுத்த பட்டியலுக்கும் போட்டுவிட்டேன்.