மஞ்சள் கம்பெனியும் நீலக் கம்பெனியும்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
11.2.1996

அன்பு மகன் சோலைராஜுக்கு அம்மா பரிபூரணம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கடையும் சௌக்கியம். நீ, மருமகள் கோதை, பேத்தி மூவரும் சிங்கப்பூரில் சுகமாக இருக்க வைத்தியநாத சுவாமியை வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய கவர் வந்து சேர்ந்தது. ஜூன் மாதம் நான் அங்கே வந்தால் எல்லோரும் மூன்று நாள் கப்பலில் சுற்றிவரலாம், இரண்டு கம்பெனி இருக்கிறது, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். கவரில் இருந்த இரண்டு கம்பெனிப் புத்தகத்தையும் பார்த்தேன். பெயர்கள் வாயில் நுழையவில்லை. அட்டையின் நிறத்தை வைத்து ஒன்றுக்கு மஞ்சள், இன்னொன்றுக்கு நீலம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மஞ்சள்தான் போன வருஷம் உன் மாமியார் ஜெயபாய் போன கப்பல் என்று தெரிகிறது. அவள் அதைவிட்டு இறங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் இறங்கினபாடில்லை. போன வாரம் செட்டியார்பட்டிக் கல்யாணத்தில் என் பக்கத்து இலை. சாம்பாரை ஊற்றினவனிடம், "கப்பல்ல இதவிடச் சூடா போடுவாவ தம்பி" என்கிறாள். அவனுக்கு எந்தக் கப்பல், என்ன கப்பல் என்று தெரியுமா? பந்தி முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. கப்பலில் கூட்டிப்போனது என் மகன் அல்லவா?

பொறாமை என்று நினைப்பாய். ஆமாம், பொறாமைதான். அது இல்லையென்றால் மம்சாபுரத்துக்குப் பருத்திக்கொட்டையைத் தலைச்சுமையாகத் தூக்கிப்போய் விற்றவள் இன்று இரண்டு குடோன் வைத்திருக்க முடியாது. எதிர்க்கடைக்காரன் வண்டி வாங்கினபோது பொறாமைப்பட்டேன். மறு வருஷம் நானும் வாங்கினேன்.

ஆகவே நீலம்தான். மஞ்சள் புத்தகத்தில் கப்பல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. நீலத்தில் இரண்டு பக்கத்துக்கு நீளமாகப் போட்டிருக்கிறான். நீலமே பெரியது. கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், ஜெயபாய் காதுக்குப் போகவேண்டும் என்றே சொன்னேன். மூட்டை தூக்கும் சிவனாண்டி, "ஆச்சி, அதுக்குள்ள நம்ம குடோன் எம்புட்டு வைக்கலாம்?" என்று கேட்டான். நாற்பது என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். போன லீவில் பேத்திக்கு நம் வீட்டுக் கக்கூஸ் சரிப்படவில்லை என்று பன்னிரண்டு நாளில் பதினோரு நாள் ராஜபாளையத்தில் உன் மாமியார் வீட்டிலேயே தங்கினீர்கள். குற்றம் சொல்லவில்லை. இப்போது நம் வீட்டிலும் உட்காருகிற கக்கூஸ் கட்டி டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. இன்னும் யாரும் உபயோகிக்கவில்லை.

கோதைக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அம்மா.

*

ஸ்ரீவில்லிபுத்தூர்.
10.3.1996

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நலம். என் பாஸ்போர்ட் திருச்சியிலிருந்து வந்துவிட்டது. போட்டோவில் என்னைப் பார்த்தால் யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள்.

உன் கடிதம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நீலக் கப்பல் மஞ்சளில் பாதிகூட இல்லையாமே! மூட்டையின் வாயைப் பார்த்து நான் என்றைக்காவது சரக்கு வாங்கியிருக்கிறேனா? வியாபாரி மேலே நல்ல கொட்டையைப் பரப்பிவைப்பான் என்று தெரிந்துதானே குத்தூசியை அடி மூட்டையில் குத்தி எடுத்துப் பார்க்கிறேன்? அப்பேர்ப்பட்டவள் படத்தைப் பார்த்து ஏமாந்தேன். ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார் தங்கச்சாமியிடம் கொண்டுபோனேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது என்றார். மஞ்சள் ஒன்பது மாடி, நீலம் நாலு மாடி. "பக்கத்துல நின்னு படம் புடிச்சா பூனையும் புலிதான் ஆச்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, மஞ்சளிலேயே போவோம், ஆனால் ஜெயபாய் இருந்த மாடிக்கு ஒரு மாடியாவது மேலே எனக்கு ரூம் போடவேண்டும் என்று முடிவு கட்டினேன். அவள் எந்த மாடி என்று உன்னிடம் கேட்கக் கூச்சம். நேரிலேயே விசாரித்துவிடலாம் என்று இரண்டு கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

வாசலிலேயே, "வாங்க மதினி, பெரிய கப்பல்ல போறீயளாமே" என்றாள். நான் நீலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. காப்பி வந்தது. காப்பிக்கு முன்னாடி ஆல்பம் வந்தது. கப்பலில் நீச்சல் குளம், கப்பலில் ஐஸ்கிரீம், கப்பலில் ஆளுயரத்துக்குப் பூச்சாடி. அவள் எல்லாவற்றின் பக்கத்திலும் நிற்கிறாள். சம்பந்தி ரத்தினம் பேண்டேஜ் பாக்டரிக்குக் கிளம்பிக்கொண்டே, "ஏட்டி, நீ வாந்தி எடுத்த வாளிய மட்டும் படம் புடிக்காம வுட்டுட்டாவளே" என்றார். "அது மொத நாள் மட்டுந்தான், அவியளுக்கு எப்பவும் இதே பேச்சு" என்று அவரை வெளியே விரட்டினாள்.

பிறகு நான் கேட்க வந்ததை அவளே சொன்னாள். "எங்களுக்கு ஆறாவது மாடி, மதினி. சன்னல் வச்ச ரூம்பு. பிள்ளைக எட்டாவது மாடி. அவிய பாட்டுக்கு அவிய, நாங்க பாட்டுக்கு நாங்க. சாப்பிடுத எடத்துல பாத்துக்கிட்டாத்தான் உண்டு. எம்புட்டு நிம்மதிங்கிய!"

நான் ஆல்பத்தை மறுபடி வாங்கி முதலிலிருந்து புரட்டினேன். இருபத்தெட்டு போட்டோ. நீ நாலில் இருக்கிறாய். நாலும் சாப்பாட்டு மேஜை. நாலிலும் அவள் பக்கத்து நாற்காலி உன்னுடையது. அந்த நாலு போட்டோவைத்தான் வெகுநேரம் பார்த்தேன். கப்பலைப் பார்த்து மலைத்துப்போய்விட்டேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

எதையும் இப்போது புக் பண்ணிவிடாதே. தங்கச்சாமி வாத்தியாரிடம் நீலப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லவேண்டும்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. உனக்குக் கண்ணில் உஷ்ணம் கட்டும். விளக்கெண்ணெய் வைத்துக்கொள். அங்கே கிடைக்காவிட்டால் எழுது.

இப்படிக்கு,
அம்மா.

*

ஸ்ரீவில்லிபுத்தூர்.
2.4.1996

அன்பு மகன் சோலைராஜுக்கு, கோதை மனம் குளிரவும் பேத்திக்கு நோய் நொடி வராமலும் இருக்க வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது.

நீலத்தையே போட்டுவிடு.

உன் கடிதமும் வந்தது. அது பழைய கப்பல், இன்ஜின் சத்தம் கேட்கும், உங்களுக்கு மஞ்சளில் ஏழாவது மாடியில் சன்னல் வைத்த தனி ரூம் போடுகிறேன், செலவைப் பற்றி யோசிக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் மனசுக்கு நீ நன்றாக இருப்பாய். ஆனால் நான் சரக்கைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், கேள்.

மஞ்சளில் ஒரு ரூமுக்கு இரண்டு பேர், குழந்தை வந்தால் கூட ஒன்று, அதற்கு மேல் விடமாட்டானாம். நீலத்தில் நாலு பேர் ரூம் இருக்கிறது. கீழே இரண்டு படுக்கை, அதன் மேலே இரண்டு படுக்கை. சன்னல் கிடையாது. சன்னல் எதற்கு? தண்ணீரை எவ்வளவு நேரம் பார்ப்பது? இன்ஜின் சத்தம் என்கிறாய். எண்ணெய் செக்குக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் குடியிருக்கிறேன். சத்தம் நின்றால்தான் எனக்கு முழிப்பு வரும். சின்னக் கப்பல் என்றால் நடக்கிற தூரமும் குறைவு, முழங்காலுக்கு நல்லது. தனி ரூம் எனக்கு வேண்டாம். இந்த வீட்டில் நாலு இருக்கிறது.

மஞ்சள் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போடவில்லை. நீச்சல் குளம் உள்ள பக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஜெயபாயிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அடுத்தவர் வாயால் தெரிந்தால் இன்னும் கேவலம். "சின்னக் கப்பலா மதினி?" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். பிறகு, "சோலைக்கு இப்பக் கையக் கொஞ்சம் கடிக்குதோ?" என்றாள். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒன்பது மாடிக் கப்பலில் என் மகன் பக்கத்தில் நீ உட்கார்ந்தது மூன்று வேளைச் சோற்றுக்கு மட்டும்தானடி என்று கேட்டிருப்பேன். கேட்டால் பொறவு அவளும் அடுத்த வருஷம் நாலு பேர் ரூம் கேட்பாள். அதனால் முழுங்கிக்கொண்டேன். "ஆமா மதினி, என் பாக்கியம் அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி எந்தப் பந்தியிலும் பெரிய கப்பலில் போனவள் அவள்தான். இருந்துவிட்டுப் போகட்டும். கடை வைத்ததிலிருந்து நான் தெரிந்தே விட்டுக்கொடுத்த பேரம் இது ஒன்றுதான்.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது மாதாமாதம் மணியார்டர் அனுப்புவேனே, அதன் கீழே செய்தி எழுத நாலு விரல் அகலம் இடம் விட்டிருப்பான். நன்றாகப் படி, எண்ணெய் தேய்த்துக் குளி என்று எழுதுவேன். அதற்குள் இடம் முடிந்துவிடும். லீவில் நீ வந்தால் கொட்டை சீசன். நான் குடோனில் இருப்பேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என் தொழில் அப்படி.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மேல் படுக்கைக்கு ஏணி வைத்து ஏறவேண்டுமாம். எனக்கு ஆகாது. கீழ்ப் படுக்கை ஒன்று எனக்கு. எதிரே இருக்கும் கீழ்ப் படுக்கை உனக்கு. கோதையும் குழந்தையும் மேலே ஏறிக்கொள்ளட்டும். சிறிசுகளுக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும். அவள் முகம் சுளித்தால் அம்மா சொன்னார்கள் என்று சொல்லாதே, கம்பெனிக்காரன் அப்படித்தான் கொடுத்தான் என்று சொல். அவள் நல்ல பிள்ளை, அவள் அம்மா மாதிரி இல்லை.

அங்கே என்னை ஊர் பார்க்கக் கூட்டிக்கொண்டு அலையவேண்டாம். கப்பல் எந்த ஊரில் நின்றால் எனக்கென்ன? நீ மட்டும், விளக்கை அணைத்த உடனே தூங்கிவிடாதே. ஆபீஸில் என்ன நடக்கிறது, யார் உன்னோடு சண்டை போடுகிறார்கள், மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய், எதையாவது சொல்லிக்கொண்டிரு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் என் பதில் வராவிட்டாலும் நிறுத்திவிடாதே.

நீ தீர்க்காயுசாய் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா,
பரிபூரணம்.