ஒற்றை உரிமச் செயலியைச் சர்வரில் ஏற்றியது பற்றி, தண்டலைப் பட்டினத்துக் காவலருக்கு

நலம் நிலைக்க, ஆறுகள் கரை கடவாது ஓடுக. குன்றமும் கானலும் ஒரு குடைக்கீழ் ஆளும் நெடுவேலி நாட்டரசி, கோப்பெருந்தேவி பூங்குழை நாச்சியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் ஆதன் செங்கண்ணனார் எழுதுவது: உப்பும் முத்தும் குறையாத தண்டலைப் பட்டினத்தின் காவலர் வல்லவேளார் காண்க. தங்கள் கப்பல்களும் கோட்டமும் குடிகளும் இனிதிருக்க வாழ்த்துகிறோம்.

தலைநகரில் உள்ளதுபோலவே, மேசைக் கணினிக்குரிய எழுத்துச் செயலியைத் துறைமுகச் சர்வரில் ஏற்றி, கப்பல்களுக்கான ஓலைகளை ஆளில்லாமலே எழுதுவிக்கத் தாங்கள் இசைவு வேண்டி விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. மறுமொழி தருமுன், அந்த ஏற்பாட்டைச் செய்த பொறிநாயகர் வேம்பனாருக்கு நேர்ந்ததைத் தாங்கள் அறிய வேண்டும் என்பது அரசியாரின் விருப்பம்.

வேம்பனார் கெட்டிக்காரர், அதை நாட்டில் முதலில் அறிந்தவரும் அவரே. சென்ற கார்காலத்து வெள்ளத்தில் குடிகளின் முறையீடுகள் அரண்மனை வாசலில் குவிந்தபோது, எழுத்தர்கள் விரல் வீங்கித் தவிப்பதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. வடகரை வணிகக் குழுவிடம் தம் மேசைக்கென்று வாங்கியிருந்த எழுத்துச் செயலியை எடுத்து அரண்மனைச் சர்வரில் ஏற்றினார். ஒருவர் ஒரு மேசையில் அமர்ந்து பயன்படுத்துவதற்கே இவ்வுரிமம் என்று நீண்டதோர் ஒப்பந்தம் திரையில் தோன்றியது. அதன் அடியில் இருந்த ‘ஏற்கிறேன்’ என்பதை, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் வேகத்தில் அழுத்திவிட்டு அவர் மேலே சென்றார். அன்றே ஓலைகள் தாமாக எழுதப்பட்டுக் குடிகளுக்குப் போயின. நாடு வியந்தது. வேம்பனார் மீசையைக் கூராக்கிக்கொண்டார்.

இந்நிலையில் இளவரசியாரைத் தம் மகனுக்குப் பெண் கேட்டு மேற்கு நாட்டு மன்னர் கொடுமுடிக்கோ ஓலை விடுத்தார். இளவரசியாரும் மனமார இசைந்தார். இசைவோலைக்கு எழுத்தர் எதற்கு, சர்வரே எழுதட்டும் என்று வேம்பனார் வேண்டிக்கொண்டார். ஓலை போயிற்று என்றே நம்பி எல்லாரும் மணப்பந்தலுக்கு மூங்கில் வெட்டினர். பந்தல் எழும்பியது, மறுமொழி வரவில்லை. வந்ததோ, மேற்கெல்லையில் யானைப்படை நிற்கிறது என்னும் செய்தி. பெண் கேட்டவனுக்கு மௌனத்தைப் பதிலாகத் தந்தார்களே என்று கொடுமுடிக்கோ கொதிப்பதாக ஒற்றர் உரைத்தனர்.

வேம்பனார் சர்வர் அறைக்கு ஓடினார். அங்கே திரை இல்லை. ஆளில்லா அறைக்குத் திரை எதற்கு என்று அவரே எடுத்துவிட்டிருந்தார். ஒன்றைக் கொணர்ந்து பொருத்தியபோது, அதில் சிறு சாளரம் ஒன்று திறந்து நின்றது: “மாற்றங்களைச் சேமிக்கவா?” தன் முன்னே ஓர் ஆள் எப்போதும் இருப்பார் என்று நம்பிப் பிறந்த செயலி, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. அதன் பின்னே இளவரசியாரின் இசைவும் நாட்டின் மற்ற ஓலைகளும் வரிசையில் நின்றன. ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டு வேம்பனார் அவைக்கு வந்தார்.

அவருடைய போதாத காலம், வணிகக் குழுவின் தூதர் நங்கை சாத்தியாரும் உரிமச் சோதனைக்காக அன்றுதான் வந்திருந்தார். செயலி ஒன்றே, அதைத் தம்மைத் தவிர எவரும் தொட்டதில்லை, ஆகவே ஒற்றை உரிமம் போதும் என்று வேம்பனார் வாதிட்டார். சர்வர் வழியே அதை ஏவுகின்ற ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும் என்றும், ஆளில்லாமல் ஓட்டினால் அது நின்றுபோகக்கூடும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதாகச் சாத்தியார் பணிவோடு உரைத்தார்.

“அதைப் படித்தீரா?” என்று அரசியார் வினவினார்.

“படிக்கவில்லை, தேவி. ஏற்றுக்கொண்டேன்,” என்றார் வேம்பனார்.

அவையில் எவரும் சிரிக்கவில்லை. அவரவர் ஏற்றுக்கொண்டவை அவரவர் நினைவுக்கு வந்திருக்கக்கூடும்.

செயலியை இறக்கவும், சர்வருக்கென்றே செய்யப்பட்டு எவரையும் எதையும் கேளாமல் எழுதும் வேறொரு கருவியை முறையான உரிமத்தோடு பெறவும் அரசியார் பணித்தார். தாமதமான இசைவோலையை வேம்பனார் கையிலேயே கொடுத்து மேற்கெல்லைக்கு அனுப்பினார். யானைகளின் நடுவே நடந்து சென்றபோது அவருக்கு உயிர் பாதிதான் இருந்தது.

கொடுமுடிக்கோ நடந்தது முழுவதையும் கேட்டு, பின் அவரைத் தனியே அழைத்துச் சென்றார். போர்முரசுக்கு முன் போரோலை செல்ல வேண்டும் என்பது தம் குலவழக்கு என்றும், அவ்வோலையை எழுத ஏவியும் இன்னும் புறப்படாததால்தான் யானைகள் கரும்பு தின்றுகொண்டு நிற்கின்றன என்றும், தாமும் அதே செயலியைத்தான் சர்வரில் ஏற்றியிருப்பதாகவும் குரலைத் தாழ்த்திக் கூறினார். பாசறையில் இருந்த அவர் சர்வர் அறைக்கும் திரை வந்தது. அங்கும் அதே சாளரம் திறந்து நின்றது. வேம்பனார் மன்னரைப் பார்த்தார். மன்னர் மறுப்பாகத் தலையை அசைத்தார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கேள்வியை இருமுறை படித்துவிட்டு, ‘வேண்டாம்’ என்பதை அவர் அழுத்தினார்.

போரோலை அழிந்தது, யானைகள் திரும்பின. தைத் திங்களில் மணம். தாங்கள் குடும்பத்தோடு எழுந்தருள்க.

ஆதலின் தங்கள் வேண்டுகோளுக்கு இசைவில்லை. செயலியை ஏற்கெனவே ஏற்றியிருப்பின், ஏற்றியிருப்பீர்கள் என்றே அரசியார் கருதுகிறார், இவ்வோலை கண்ட பொழுதே இறக்குக. வேம்பனார் புதிய கருவியோடு வந்து அதன் ஒப்பந்தத்தை உரக்கப் படிப்பார். முடியும்வரை எழுந்து போகாமல் கேட்பது தங்கள் கடன். இது அரசியாணை. நெடுவேலி இலச்சினை இட்டோம்.

இவ்வோலை எழுத்தர் கையால் எழுதப்பட்டது.