குவைத்திலிருந்து வந்த இரண்டு கம்ப்யூட்டர்கள்

காரைக்கால்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜுவைரியாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் வாப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அதே சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். மெல்போர்னில் குளிர் கடுமை என்றாயே, சின்னவனுக்குக் காதை மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பு. இங்கே ஆடிக்காற்று, துவைத்துப் போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டில்தான் கிடைக்கிறது. வாப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, ஆனால் விருந்து வீட்டில் என் கண்ணில் படாமல் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்.

போன வாரம் நீ போனில், மாடியறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்றாய். அப்போது நான் பதில் சொல்லவில்லை, போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பிரான்சுக்குப் போய்விட்ட லோரான்ஸ் வீட்டார் கொடுத்த, பிரெஞ்சுக் கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும் கம்ப்யூட்டர் வரை ஒவ்வொன்றாக நான் சேர்த்ததை நீ அறிவாய். உப்புக்காற்று ஏறாமல் பழைய வாயில் புடவையால் மூடி, செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பத்திரப்படுத்தி உள்ளே வைத்து, மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் ஓடவிடுவேன். ஆனால் முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர் பெட்டி எனக்கு என்னவென்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் வாப்பா குவைத்திலிருந்து விடுமுறையில் வரும்போது கொண்டுவந்தது அது. டிவியில் மாட்டினால் வேலை செய்யும். இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்திலேயே அரபு எழுத்தும் அச்சடித்திருக்கும். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் குர்ஆன் ஓதிய பிள்ளையல்லவா, அரபு எழுத்தைத் தேடித் தேடித் தட்டி டிவியில் காஜா நஜ்முதீன் என்று அவர் பெயரை வரவழைத்தேன். வீட்டில் எல்லோர் முன்னாலும் புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்ட காலம், பெரிய எழுத்தில் பளிச்சென்று நின்றது! அவர் வெட்கப்பட்டு டிவியை அணைத்துவிட்டார். பிறகு நீ பிறப்பதற்கு முன்னால் குவைத்தில் சண்டை வந்தது. ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, கையில் ஒரு பையோடு வீடு வந்தார். வந்தவர் யாரோடும் பேசவில்லை, சுவரைப் பார்த்தபடி இருப்பார், வேலை பற்றிக் கேட்டால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாள் அந்தப் பெட்டியை மாட்டி, பள்ளம் தாண்டி ஓடும் விளையாட்டைப் போட்டு நான் ஆடினேன். வேண்டுமென்றே இல்லை, நிஜமாகவே விழுந்து விழுந்து தோற்றேன். பின்னாலிருந்து, "இப்ப தாவு புள்ள, இப்ப தாவு" என்றார். வந்த பிறகு அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அழுகை வந்தது, காட்டிக்கொள்ளாமல் விளையாட்டுக் கைப்பிடியை அவரிடம் கொடுத்தேன்.

போன மழைக்காலப் புயலில் மாடியில் ஒழுகி, அந்தப் பெட்டியின் மதர்போர்டு என்கிற உள்பலகை முழுவதும் துரு ஏறி அது செத்துப்போனது. உனக்குச் சொல்லவில்லை. கீபோர்டும் கரண்ட் வரும் பகுதியும் நன்றாக இருந்தன, உள்பலகைதான் எங்கேயும் கிடைக்கவில்லை. வாப்பாதான் யோசித்துச் சொன்னார், திருவேட்டக்குடி மதியழகன் என்று குவைத்தில் ஒரே அறையில் இருந்த கூட்டாளி, இருவரும் ஒரே கடையில் ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கினார்களாம். போன வருடம் அவர் மவுத்தாகிவிட்டார், தங்கை சந்திரலேகா மட்டும் வீட்டில் இருக்கிறாள். வாப்பாவுக்கு முழங்கால் வலி, நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன். மதியழகனின் பெட்டியைத் திறந்து பார்த்தால் அல்ஹம்துலில்லாஹ், அதில் கரண்ட் பகுதி எரிந்து கீபோர்டு கெட்டிருந்தது, உள்பலகை புதிது போல இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒன்று தேறும். எனக்குக் கை துறுதுறுவென்றது.

சந்திரலேகா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்கக்கா. அண்ணன் இருந்த வரைக்கும், ஒரு நாள் சரி பண்ணி உனக்குக் காட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இதுல என்ன தெரியும்னே எனக்குத் தெரியாது. ஆனா வாரா வாரம் தொடச்சு வச்சிருவேன்" என்றாள். பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் தூசியில்லை. என்னால் அதற்குமேல் ஸ்க்ரூவைக் கழற்ற முடியவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் நம் பெட்டியிலிருந்து கரண்ட் பகுதியையும் கீபோர்டையும் கழற்றி மஞ்சள் பையில் வைத்தேன். வாப்பா பார்த்துவிட்டு, "அங்கேருந்துல்ல இங்க வரணும்?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். நான் திருவேட்டக்குடி போய் சால்டரிங் வைத்து, அவள் டிவியில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். நீலத்திரை வந்ததும் அவள் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "இதைத்தானா சொன்னே, இதைத்தானா சொன்னே" என்று அண்ணனிடம் பேசுவது போலக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளம் தாண்டும் விளையாட்டுக் கேசட்டையும் கைப்பிடியையும் அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் வாப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை, வெறும் கூடாகக் கிடக்கும் நம் பெட்டியை மாடியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு சந்திரலேகா போன் செய்தாள். "அக்கா, ரெண்டாவது பள்ளத்துலயே விழுந்துட்றேன், எப்படித் தாண்டுறது?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார். "மதி தங்கச்சியாம்மா? பயப்படாத, ஓரத்துக்கு வந்து தாவணும். உங்கண்ணனும் அங்கதான் விழுவான்" என்று ஆரம்பித்தவர், மக்ரிபு பாங்கு சொல்லும்வரை மதியழகனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். குவைத்தில் அவர்கள் இருந்த அறையைப் பற்றி நான் இத்தனை வருடத்தில் கேட்காததையெல்லாம் நேற்றுதான் கேட்டேன்.

ஆகையால் மகளே, மாடியறையைக் காலி செய்யச் சொல்லாதே. உன்னிடம் வந்து சில மாதம் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ், ஆனால் திரும்பிவிடுவோம். அங்கே பழைய சாமான் சந்தையில் இந்த மாதிரி உள்பலகை கண்ணில் பட்டால் எனக்குப் படம் அனுப்பு. மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் வீட்டில் பரக்கத்தும் உன் மனதில் அமைதியும் என்றும் நிறைந்திருக்க ரப்பு அருள் செய்யட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஸலாம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் நினைவாகவே இருக்கும் உம்மா,
அமீர் நிஷா